வாசல் தாண்டாதவர்

— பின்பக்கக் கதவு திறந்துதான் கிடக்கு அங்கிள். கிச்சினுக்குள்ளால போனால் நேர மேடை. ஒருத்தரும் காணமாட்டினம்.

— நான் காணுவன், நிரோஷினி.

— ஓகே, அப்ப காருக்குள்ள இருந்தே எலெக்ஷன் கேக்கப் போறியளோ? இண்டைக்கு வேட்பாளர் தெரிவு. நேர வந்து பேசாட்டிப் பேரை வெட்டிப்போடுவினம். கட்சி விதி. அதில உங்கட கையெழுத்தும் இருக்கு.

— இன்னொரு விதியும் இருக்கு, விளங்குதோ. வேலைநிறுத்தம் செய்யிற சனம் வாசல்ல நிண்டால் அந்த வாசலைத் தாண்டக்கூடாது. இருபத்தஞ்சு வருசமாத் தொழிலாளர் கட்சிக்கு மாகாண சபையில இருக்கிறன். ஒருக்காலும் தாண்டேல்லை.

— விளங்குது. இந்த ஹோலில ஸ்ட்ரைக் வரப்போகுது, கூட்டத்தை வேற மண்டபத்துக்கு மாத்துவம் எண்டு போன மாசமே சொன்னனான். ‘அது ரெண்டு நாளில முடிஞ்சிடும்’ எண்டியள்.

— ஆர் கண்டது இப்பிடி இழுபடுமெண்டு? சாப்பாடு பரிமாறுற சனம். சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்லித்தானே கேக்குது. கூட்டிக் குடுத்தால் முதலாளி என்ன தேஞ்சோ போவான்?

— ஒருக்கா வந்து பாருங்கோ எண்டும் கேட்டனான்.

— சபை நடந்தது பிள்ளை. பிறகு பொங்கல் விழாக்கள். எத்தினை மேடை ஏறினனான், நீதானே கூட்டிக்கொண்டு திரிஞ்சனி.

— ஓம், நான்தான். கட்சி ஆக்கள் எல்லாரும் உள்ள போட்டினம். பொருளாளர் கோட்டைத் தலைக்கு மேல இழுத்து மூடிக்கொண்டு போனவர்.

— அவனுக்கு வெக்கமாவது கிடக்கு. உந்தப் பிரசாந்துக்கு அதுவும் இராது. என்ர சீற்றைக் கேட்டு வந்திட்டான், ஒரு ஸ்ட்ரைக்கிலயாவது நிண்டிருப்பானோ? எல்லாப் புரட்சியும் போனிலதான்.

— அவர் உள்ள போனதை நான் காணேல்லை.

— பின்னால போயிருப்பான் எண்டுறன். இந்த நாட்டுக்கு வந்த புதுசில, சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடங்களில நாங்கள் துப்புரவு வேலை செய்யேக்க ஒரு மார்கழி முழுக்க ரோட்டில நிண்டம். இந்தக் கட்சியின்ர ஒரு வெள்ளைக்கார எம்.பி வந்தார். பேச்சுப் பேசேல்லை. தன்ர கையுறையைக் கழட்டி எனக்குத் தந்துபோட்டுப் பக்கத்தில நிண்டார். அண்டைக்குத்தான் நான் கட்சியில சேர்ந்தனான்.

— எனக்கு உது மனப்பாடம், அங்கிள். உங்கட ஸ்பீச் எல்லாம் நான்தானே ரைப் பண்ணிறனான். கையுறை வந்தோண்ண சனம் கை தட்டும்.

— நக்கலோ?

— இல்லை. களைச்சுப் போனன், அவ்வளவுதான். பொறுங்கோ, ஸ்ட்ரைக் லைனில நிண்ட ஒரு அன்ரி வாறா. யன்னலைத் திறக்கிறன்.

— விநாயகமூர்த்தி அண்ணை, என்னைத் தெரியுதோ? இராஜேஸ்வரி. வெக்ஸ்போர்ட் வாடகை வீட்டில நாங்கள் ஹீற்றர் இல்லாமல் கிடக்கேக்க, வீட்டுக்காரனோட சண்டை பிடிச்சுப் போட வைச்சனீங்கள்.

— ஓம், ஓம் தங்கச்சி. மறப்பனோ? பாருங்கோ, உங்கட லைனைத் தாண்டமாட்டன் எண்டுதான் காருக்குள்ளயே இருக்கிறன்.

— தெரியும் அண்ணை. வந்த நேரத்தில இருந்து பாத்துக்கொண்டுதான் நிக்கிறம். இந்தாங்கோ, கோப்பி. ஆற முதல் குடியுங்கோ. பிரசாந் தம்பி வாங்கினது.

— பிரசாந்தோ? உள்ள இருந்து குடுத்துவிட்டவனோ?

— உள்ளயோ? உந்தா, லைனின்ர கரையில சுலோகப் பலகையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். முதல் நாளில இருந்து வாறவர். ‘இண்டைக்கு மட்டும் உள்ள போய்ப் பேசுங்கோ தம்பி’ எண்டு நாங்களே கேட்டுப் பாத்தம். மாட்டாராம்.

— அங்கிள், அப்ப அவரின்ர பேரும் வெட்டுப்படும்.

— கதவைத் திற, நிரோஷினி. என்ர தொப்பி எங்க? நானும் இறங்கி நிக்கப்போறன்.

— வேண்டாம் அண்ணை, உந்தக் குளிருக்கை இறங்காதையுங்கோ. அதைச் சொல்லத்தான் என்னை அனுப்பினவை. எல்லாரும் கதைச்சு முடிவெடுத்திட்டம். உங்களுக்கு மட்டும் வழி விடுறம்.

— எனக்கு மட்டுமோ? ஏன்?

— தொகுதிக்கு ஆரெண்டாலும் ஒராள் வேணும்தானே. நீங்கள் உள்ள போங்கோ அண்ணை. எங்களோட நிக்க ஆள் இருக்கு.