மணமகள் கையெழுத்து

– இன்னைக்கும் கண்ணு முன்னாடி நிக்குது மேடம். தலைவர் போன விமானம் விழுந்துடுச்சுன்னு ரேடியோவுல சொன்னப்போ நான் எங்க இருந்தேன் தெரியுமா? இதே ஆபீஸ்ல, இதே மேஜைக்கு முன்னாடி. மாப்பிள்ளையா!

– ஆரம்பிச்சாச்சா? பதிவாளர் மேடம் நம்ம கல்யாணப் பதிவைத் தேடுறதா, உங்க கதையைக் கேக்கறதா?

– பரவாயில்லக்கா, சொல்லட்டும். பக்கம் புரட்டக் கண்ணு போதும், காது சும்மாதானே இருக்கு. கிளார்க் வேற லீவு. அந்த வருஷத்துக்கு ரெண்டு பதிவேடு இருக்கு, ஒரு நிமிஷம்.

– கேட்டியா? மேடமே சொல்லிட்டாங்க.

– மேடம், இவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்க அத்தனை பேருக்கும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கார். கதவு திறக்கிற வரைக்கும் அவங்களுக்கும் வேற வழியில்ல.

– பயந்து போயிருப்பாங்கன்னு வெளியில நின்னு பேச்சுக் கொடுக்கறேன். சத்தியமா அது ஒரு சேவை.

– போன மாசம் ஒருத்தர், நீங்க கதையை நிறுத்தினா நான் உள்ளேயே இருந்துக்கறேன்னாராம். இவரே வீட்டுல வந்து சொன்னார், பெருமையா.

– எனக்கும் அந்த நாள் ஞாபகம் இருக்கு சார். நான் நாலாங்கிளாஸ். பாதிக் கணக்குல பள்ளிக்கூடத்தை விட்டுட்டாங்க. லீவு லீவுன்னு குதிச்சுக்கிட்டே வீட்டுக்குள்ள போனேன். எங்கம்மா ஓங்கி ஒண்ணு விட்டாங்க பாருங்க, அப்பதான் நாட்டுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னே புரிஞ்சது.

– பாத்தீங்களா, எல்லாருக்கும் ஒரு கதை இருக்கு. என்னோடது கொஞ்சம் பெரிய கதை, அவ்வளவுதான். நான் கையெழுத்துப் போட்டாச்சு. சாட்சிக்கு என் கூட்டாளி குண்டன், அவனும் போட்டாச்சு. இவளோட சித்தி போட்டாச்சு. கடைசியா இவ. அழகா, குண்டு குண்டா எழுதி முடிச்சு, கடைசி எழுத்துக்கு இவ புள்ளி வைக்கவும் வராந்தா ரேடியோவுல அந்தச் செய்தி வரவும் சரியா இருந்தது. மை கூடக் காயல மேடம்!

– அப்புறம் என்ன ஆச்சு சார்?

– என்ன ஆச்சு? அப்போ இருந்த பதிவாளர் எழுந்து ஓடினார். நாங்களும் பின்னாடியே ஓடினோம்.

– ஓடினோம் இல்ல, ஓடினீங்க. நீங்க, உங்க குண்டன், எங்க சித்தி, பியூன் எல்லாரும். உங்க ஒத்தைச் செருப்பு அந்த மேஜைக்கு அடியிலயே கிடந்தது. நான் இங்கதான் உக்காந்திருந்தேன்.

– பாவம், அப்படியே உறைஞ்சு போயிட்டா மேடம். ஒரு வாரம் அழுதா.

– யாரு அழுதது? வராந்தாவுல இருந்து மூக்கை உறிஞ்சிக்கிட்டே வந்தது யாரு? என் முந்தானையைக் கேட்டு வாங்கித் துடைச்சது யாரு? அதுவரைக்கும் இவரும் நானும் பேசினதே மொத்தம் மூணு தடவை மேடம். எங்க மாமா பாத்து முடிச்ச சம்பந்தம். நாலாவது தடவை இவர் வாயைத் திறந்தப்போ ஒரே விக்கல்.

– துக்கம் வந்தா விக்கல் வரும். இது உடம்பு சமாச்சாரம்.

– அது சரி.

– கிடைச்சிடுச்சு. நாப்பத்தொண்ணாம் பக்கம். சார் கையெழுத்து… இருக்கு. சாட்சி ரெண்டு… இருக்கு. பதிவாளர் மறுநாள் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கார். அக்கா, உங்க முழுப்பேரு இன்னைக்கு விண்ணப்பத்துல எழுதிக் கொடுத்ததுதானே?

– ஆமா மேடம். ஏன்?

– மணமகள் கையெழுத்துன்னு இருக்கிற கட்டத்துல ஒண்ணுமே இல்லையே.

– மங்கிப் போயிருக்கும் மேடம். முப்பத்தொரு வருஷம் ஆச்சே. வெளிச்சத்துல காட்டுங்க.

– சார், மத்த நாலு பேர் கையெழுத்தும் பளிச்சுனு இருக்கு. இது வெறும் பேப்பர். பேனா பட்ட அடையாளமே இல்ல. நீங்களே பாருங்க.

– அட… ஆமா. ஏய், எங்க போச்சு உன் கையெழுத்து?

– என்னைக் கேட்டா? குண்டு குண்டா எழுதி முடிச்சேன்னு நீங்கதானே சொன்னீங்க. புள்ளி கூட வச்சேனாமே.

– இத்தனை வருஷமா ஒரு தடவை கூட சர்டிபிகேட் வாங்கலையா சார்?

– தேவைப்படல மேடம். அன்னைக்கு ஆபீஸை மூடிட்டாங்க, பஸ்ஸும் ஓடல. அப்புறம் வந்து வாங்கிக்கலாம்னு விட்டதுதான். இப்போ பொண்ணுக்கு வெளிநாட்டுல பிரசவம். வர்ற வியாழக்கிழமை எங்களுக்கு விசா நேர்காணல். புருஷன் பெண்டாட்டின்னு ஒரு காகிதம் கேக்கறாங்க.

– இந்த நிலைமையில என்னால காகிதம் தர முடியாது சார். கையெழுத்து இல்லன்னா இந்தப் பதிவு முடியலைன்னுதான் அர்த்தம்.

– அப்போ முப்பத்தொரு வருஷமா நான் யார் வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்?

– நானும் அதைத்தான் யோசிக்கிறேன். யாரோட சட்டைக்கு இத்தனை வருஷமா பட்டன் தைச்சேன்?

– சிரிக்காத. இது சிரிக்கிற விஷயமா?

– நான் எங்க சிரிச்சேன்? மேடம்தான் சிரிக்கறாங்க.

– மன்னிச்சுக்கோங்க சார். பயப்படாதீங்க, வழி இருக்கு. விட்டுப்போன கையெழுத்தை இன்னைக்குத் தேதி போட்டு என் முன்னாடி போடலாம். ரெண்டு பேரும் வந்திருக்கீங்க, அடையாள அட்டையும் இருக்கு. ஆனா ஒண்ணு. அக்கா உறுதிமொழியைப் படிக்கணும், சம்மதமான்னு நான் கேக்கணும், அவங்க வாயால சொல்லணும். ரூல் அப்படி.

– அவ்வளவுதானே? கொடுங்க பேனாவை. இந்தா, போடு.

– இருங்க. படிச்சுப் பாக்காம எப்படிப் போடறது?

– இதுல படிக்க என்ன இருக்கு?

– மருந்துக்கடையில இருபத்திரண்டு வருஷமா வேலை பாக்கறேன். டாக்டர் கிறுக்கினதையே ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் மாத்திரை எடுப்பேன். இது அதைவிடப் பெரிய மாத்திரை.

– மேடம், கொஞ்சம் சீக்கிரம் படிக்கச் சொல்லுங்களேன்.

– அவசரப்படுத்தக் கூடாது சார். நாலு மணி வரைக்கும் ஆபீஸ் இருக்கு.

– ‘யாருடைய வற்புறுத்தலும் இன்றி.’ இது நல்லா இருக்கு. அன்னைக்கு யாரும் இதைப் படிச்சே காட்டல. சித்தி பின்னாடி நின்னு, போடுடி போடுடின்னு முதுகுல இடிச்சுக்கிட்டே இருந்தாங்க.

– நான் இடிக்கலையே? மேடம், குறிச்சுக்கோங்க, நான் இடிக்கல.

– முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவை கூட இடிச்சதில்ல. அதை ஒத்துக்கறேன். குறட்டை வேற விஷயம்.

– ஏய், வெளியில போய்ப் பேசிக்கலாம் எல்லாத்தையும். குறட்டைக்கு டாக்டர்கிட்ட வரேன். நீ சொன்ன மாதிரி பின்பக்க அறையை உன் தையல் மெஷினுக்கே விட்டுடறேன். சத்தியமா.

– பாத்தீங்களா மேடம், அஞ்சு வருஷமா கேட்டது. இந்தக் கட்டம் காலியா இருக்கறதுல எவ்வளவு லாபம்!

– நீ விளையாடற. எனக்குப் பயமா இருக்கு.

– நிஜமாவா?

– நிஜமாத்தான். இப்போ நீ வேண்டாம்னா என்னால என்ன சொல்ல முடியும்? பொண்ணுகிட்ட என்ன சொல்லுவேன்? தனியா அந்த வீட்டுக்குள்ள போய் என்ன பண்ணுவேன்? எனக்கு எது எங்க இருக்குன்னு கூடத் தெரியாது.

– சரி, சரி. தண்ணியைக் குடிங்க. கேளுங்க மேடம்.

– இவரைக் கணவரா ஏத்துக்க உங்களுக்கு முழு மனசோட சம்மதமா அக்கா?



– என்ன யோசனை? அவங்க கேட்டாச்சு.

– கேள்வி என்கிட்ட. பதிலும் நான்தான் சொல்லணும்.

– சரி, நான் பேசல.

– சம்மதம் மேடம். முழு மனசோட.

– இங்க போடுங்கக்கா. கீழ தேதி. ஆ, சரியா இருக்கு. நிதானமா அழகா எழுதறீங்க.

– அப்பாடா! உயிர் வந்துச்சு. வா, வாசல்ல காபி வாங்கித் தரேன், ரெண்டு வேணும்னாலும் குடி.

– ஒரு நிமிஷம் சார், இன்னும் ஒண்ணு இருக்கு. ஓரத்துல குறிப்புன்னு ஒரு இடம். கையெழுத்து ஏன் அப்போ விட்டுப் போச்சுங்கற காரணத்தை அதுல நான் எழுதணும். தணிக்கைக்கு வர்றவங்க முதல்ல அதைத்தான் பாப்பாங்க.

– இதுக்கு என்ன மேடம் யோசனை? நாட்டுக்கே தெரிஞ்ச காரணம். எழுதிக்கோங்க: ‘கையெழுத்திடும் நேரத்தில் தலைவர் இறந்த செய்தி வந்த அதிர்ச்சியால்.’ இவ புள்ளி வச்சதா நான் சொன்னது தப்புத்தான், ஒத்துக்கறேன். புள்ளி வைக்கறதுக்கு முன்னாடி வந்திருக்கு. பேனாவும் கையுமா உறைஞ்சு போயிருக்கா.

– நல்லாத்தான் இருக்கு சார். ‘தலைவர் இறந்த செய்தி…’

– அப்படி எழுதாதீங்க மேடம்.

– ஏன்? அதுதானே நடந்தது?

– அரசாங்கப் பதிவேடு. பொய் இருக்கக் கூடாது. ரேடியோ சத்தம் கேட்டப்போ என் கையில பேனா இல்ல. அதுக்கு முன்னாடியே மூடி மேஜை மேல வச்சுட்டேன்.

– மூடி வச்சியா? எதுக்கு?

– எழுந்து ஓடிடலாம்னுதான். அதுக்குள்ள நீங்க எல்லாரும் முந்திக்கிட்டீங்க.