போர்டுக்குப் பொட்டு வைத்தவர்களே

மேடையின் நடுவில், பெரிய நாற்காலியில் வீற்றிருக்கும் லேப்டாப் பழுதுபார்ப்போர் சங்கத் தலைவர் திரு. குருமூர்த்தி அவர்களே, அவருக்கு இருபுறமும் அமர்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருக்கும் நிர்வாகிகளே, கணவரைப் பறிகொடுத்துவிட்டு இத்தனை பேச்சையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் என் மதிப்புக்குரிய மலர்கொடி அக்கா அவர்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் வாடிக்கையாளர்களே, வேலையே தெரியாமல் கடை வைத்திருக்கும் என் சகோதரர்களே! அரியலூரில் சர்வீஸ் கடை நடத்தும் மேகலாவின் வணக்கம்.

என் கையில் சுருட்டி வைத்திருப்பது என்ன என்று சிலர் எட்டிப் பார்க்கிறீர்கள். இது லேப்டாப் சார்ஜர். மைக்கை நோக்கி நடந்து வரும்போது, அதோ அந்தப் படத்துக்கு முன்னால் இருக்கும் மேசையிலிருந்து உருவிக்கொண்டு வந்தேன். ஏன் உருவினேன் என்று பிறகு சொல்கிறேன். நான் பேசி முடிக்கும்வரை இது என் கையில்தான் இருக்கும். யாரும் வந்து கேட்க வேண்டாம்.

பெரம்பலூர் கலைச்செல்வன் மறைந்துவிட்டார். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரைக் கர்ம வீரர் என்றார்கள், மின்னணு மருத்துவர் என்றார்கள், கணினி உலகின் கலங்கரை விளக்கம் என்றார்கள். வாசலில் ஃப்ளெக்ஸும் வைத்திருக்கிறார்கள். அதில் தலைவரின் படம் கதவு அளவுக்கு இருக்கிறது. இறந்தவரின் படம் ஓரத்தில் ஸ்டாம்பு அளவுக்கு இருக்கிறது. துக்கம் யாருக்கு என்று தெரியாமல் ஒருவர் உள்ளே வந்தால் தலைவருக்குத்தான் மாலை போடுவார். வருந்த வேண்டாம் தலைவரே, நீங்கள் நல்லா இருக்கீங்க.

கலைச்செல்வன் யார்? கலங்கரை விளக்கமா? அவர் முசுடு! போன் அடித்தால் எடுக்க மாட்டார். கடைக்கு வந்தவரை உட்காரச் சொல்ல மாட்டார். "எப்ப சார் கிடைக்கும்?" என்று கேட்டால், "கிடைக்கும்போது கிடைக்கும், போய்யா" என்பார். மாதக்கணக்கில் லேப்டாப்பின் மதர்போர்டை வைத்துக்கொண்டு உயிரை வாங்குவார். நானே அவரோடு சண்டை போட்டு ஒரு வருஷம் பேசாமல் இருந்திருக்கிறேன். இறந்துவிட்டார் என்பதற்காக அவரைத் தங்கமான மனிதர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்கும் அது பிடிக்காது.

ஆனால் ஒன்றைச் சொல்வேன். இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஒரு செத்த போர்டை மேசையில் போட்டு, அது எந்த இடத்தில் செத்தது என்று கண்டுபிடித்துச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். நான் அவரிடம் கற்றுக்கொள்ளவில்லை, என் வழியில் கற்றுக்கொண்டேன். இருந்தாலும் எனக்கு எட்டாத போர்டை அவரிடம்தான் கொண்டுபோனேன். அதை என் வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டுத்தான் கொண்டுபோனேன். இங்கே அந்தப் பழக்கம் எத்தனை பேருக்கு இருக்கிறது?

நீங்கள் என்ன செய்தீர்கள்? வாடிக்கையாளரிடம், "பெரம்பலூர் பக்கம் ஒரு கிறுக்கன் இருக்கான், அவன்கிட்ட மட்டும் குடுத்துடாதீங்க" என்று சொன்னீர்கள். அன்று சாயங்காலமே அதே போர்டை ஸ்வீட் பாக்ஸில் போட்டு, நூல் கட்டி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அந்தக் கிறுக்கனுக்கே அனுப்பினீர்கள். திரும்பி வந்ததும் உங்கள் கடை ஸ்டிக்கரை ஒட்டினீர்கள். போர்டில் அறுந்துபோன மின்தடத்துக்கு மேல் மயிர் போன்ற கம்பியை இழுத்துப் பற்றவைத்து, அது அசையாமலிருக்க மலர்கொடி அக்காவின் சிவப்பு நகப்பூச்சை ஒரு சொட்டு வைப்பார் கலைச்செல்வன். இன்று உங்கள் கடைகளில் "நாங்கள் சரி செய்தோம்" என்று காட்டுகிறீர்களே, அந்தப் போர்டுகளைத் திருப்பிப் பாருங்கள். அக்கா, உங்கள் நகப்பூச்சு எத்தனை பேர் வீட்டு அடுப்பை எரிய வைத்தது என்று உங்களுக்குத் தெரியுமா?

அவர் பெரிதாக என்ன மந்திரம் செய்தார்? ஒன்றுமில்லை! அளந்தார். மல்டிமீட்டரை எடுத்து, போர்டில் ஒவ்வொரு வழியாக அளந்தார். எங்கே மின்சாரம் தரைக்குப் போய் விழுகிறது என்று பார்த்தார். சந்தேகமிருந்தால் ஒரே ஒரு வோல்ட் கொடுத்து, மேலே ஆல்கஹாலைத் தெளித்து, எந்த இடம் முதலில் காய்கிறது என்று குனிந்து பார்த்தார். முதலில் காய்கிற இடத்தில் இருப்பவன்தான் திருடன். அதைக் கழற்றினார். அவ்வளவுதான். அளக்காமல் சூடு வைக்காதே, அளக்காமல் ஆன் பண்ணாதே, இதுதான் அவர் வாழ்நாள் முழுவதும் கத்திய கத்தல்.

நீங்கள் என்ன செய்கிறீர்கள்? லேப்டாப் ஆன் ஆகவில்லையா, ஹாட் ஏர் மெஷினை எடுத்து நடுவில் இருக்கும் பெரிய சிப்பைப் போட்டு வறுக்கிறீர்கள். ஸ்கிரீன் தெரியவில்லையா, வறு! சார்ஜ் ஏறவில்லையா, வறு! முந்திரிக்கொட்டையைக்கூட இவ்வளவு வறுக்க மாட்டார்கள் ஐயா. வறுத்ததில் தப்பித்தவறி உயிர் வந்தால் உங்கள் திறமை. வராவிட்டால், "போர்டு போச்சு, புதுசு போடணும்." இந்த நான்கு வார்த்தையைச் சொல்லத் தெரிந்தால் போதும், இந்தச் சங்கத்தில் உறுப்பினர் ஆகிவிடலாம். கூடுதலாகத் தலையாட்டத் தெரிந்தால் நிர்வாகி ஆகிவிடலாம்.

தலைவர் தன் பேச்சில் ஓர் ஆயுத பூஜை சம்பவத்தை உருக்கமாகச் சொன்னார். கலைச்செல்வனுக்கும் தனக்கும் இருந்த நட்பைச் சொல்ல வந்தவர், கதையின் பாதியை விட்டுவிட்டார். மீதியை நான் சொல்கிறேன். அரும்பாவூர் செல்லப்பன் ஐயா அதோ உட்கார்ந்திருக்கிறார், அவருடைய லேப்டாப்தான் அது. கீபோர்டு மாற்றத்தான் தலைவர் கடையில் கொடுத்தார். தலைவர் அதைத் திறந்து வைத்திருந்த நேரம் ஆயுத பூஜை வந்தது. கடையைக் கழுவினார்கள், பொரிகடலை வைத்தார்கள். ஸ்க்ரூ டிரைவருக்குப் பொட்டு, ஹாட் ஏர் மெஷினுக்குப் பொட்டு, கல்லாப்பெட்டிக்குப் பொட்டு. அந்த வேகத்தில் திறந்து கிடந்த செல்லப்பன் ஐயா போர்டுக்கும் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்துவிட்டார்கள். பன்னீரில் குழைத்த சந்தனம்! சிப்பின் கால்களுக்கு நடுவில் இறங்கிவிட்டது. மறுநாள் ஆன் பண்ணினால் ஆன் ஆகவில்லை. தலைவர் என்ன சொன்னார்? "போர்டு போச்சு."

கீபோர்டு மாற்றக் கொடுத்தவருக்குப் போர்டு எப்படிப் போகும்? செல்லப்பன் ஐயா நேராகக் கலைச்செல்வனிடம் போனார். அவர் மூடியைத் திறந்ததும் சந்தன வாசம் வந்ததாம். பல் விளக்கும் பிரஷ்ஷால் ஆல்கஹால் போட்டுக் கழுவி, காயவைத்து, அளந்து, ஆன் பண்ணினார். ஓடியது. பிறகு செல்லப்பன் ஐயா முன்னாலேயே தலைவருக்குப் போன் போட்டார். வாழ்நாளில் அவராகப் போன் போட்டது அன்றைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

"ஏன்யா குருமூர்த்தி, போர்டுக்கு நலங்கு வெச்சு அனுப்பிருக்க? கல்யாணம் எப்ப?"

"சாமி காரியம்யா, அதப் போயி கிண்டல் பண்ணாத."

"சாமி உன்கிட்ட போர்ட நனைக்கச் சொல்லுச்சா? சாமிக்கே ஷாக் அடிக்கும்யா."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூஜைக்கு முதல் நாள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவரிடமிருந்து ஒரே ஒரு செய்தி வரும். "நாளைக்குப் பொட்டு வைக்கிறவனுங்க போர்ட மூடிட்டு வைங்க." நீங்கள் சிரிக்கும் பொம்மை போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். அது நகைச்சுவை என்று நினைத்தீர்கள். அந்த மனிதர் உங்களிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

இப்போது சார்ஜருக்கு வருகிறேன். எல்லோரும் அந்த மேசையைப் பாருங்கள். கலைச்செல்வனின் படம், மாலை, குத்துவிளக்கு. அவருடைய மல்டிமீட்டர், அதற்குப் பொட்டு. அவருடைய சாலிடரிங் அயர்ன், அதற்கும் பொட்டு. நடுவில் வெள்ளித் தட்டில் ஒரு போர்டு. அவர் கடை மேசையில் கிளிப்பில் மாட்டியிருந்ததை நம் நிர்வாகிகள் கழற்றிக்கொண்டு வந்து தட்டில் வைத்திருக்கிறார்கள். அதற்கும் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம்! இன்னும் ஈரம் காயவில்லை. இறந்து பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை, அதற்குள் அவர் தலையில் அடித்துக்கொள்ளும்படி செய்துவிட்டீர்களே!

அதோடு விட்டீர்களா? "கலைச்செல்வன் கடைசியாக உயிர் கொடுத்த போர்டு இது. கூட்டத்தின் முடிவில் இதற்கு மின்சாரம் கொடுத்து, அதன் விளக்கு எரிவதையே அவருக்கு நாம் ஏற்றும் தீபமாக ஆக்குவோம்" என்று தலைவர் அறிவித்தார். நீங்கள் கை தட்டினீர்கள். போட்டோகிராபர்கூட முன்னால் வந்து நின்றுவிட்டார். அதனால்தான் மைக்குக்கு வரும் வழியில் நான் சார்ஜரை உருவினேன்.

அந்தப் போர்டு யாருடையது தெரியுமா? கடைசி வரிசையில் சுவரை ஒட்டி நிற்கிறாரே, ஜெயங்கொண்டம் பக்கத்து வேணி, அவருடையது. பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவர். பார்டரும் முந்தானையும் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால்தான் தறி நெய்யும். அவர் வரைந்ததெல்லாம் அந்தப் போர்டிலேயே பற்றவைத்த மெமரியில் இருக்கிறது. தனியாகக் கழற்ற முடியாது. வேறு பிரதி இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்கிறார். அவரை நம்பி நிற்கும் தறிகள் சும்மா கிடக்கின்றன. தறிக்காரர்கள் வேறு டிசைனரைத் தேடிப் போக ஆரம்பித்துவிட்டார்கள். இந்த மேடையில் உட்கார்ந்திருப்பவர்களில் மூன்று பேரிடம் முதலில் கொண்டுபோனார். ஒருவர் வறுத்தார். மற்ற இருவர் தொடாமலேயே "போர்டு போச்சு, உள்ள இருக்கறதும் போச்சு" என்றார்கள். பெயர் சொல்ல மாட்டேன், அவர்கள் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கலைச்செல்வன் அதில் ஷார்ட் ஆன கெப்பாசிட்டரைக் கண்டுபிடித்துக் கழற்றினார். சார்ஜரிலிருந்து வருவது பத்தொன்பது வோல்ட். மெமரி தாங்குவது மூன்று சொச்சம்தான். நடுவில் இருந்து அதைக் குறைத்துக் கொடுக்கும் சிப் எரிந்துபோயிருந்தது. அதையும் மாற்றினார். அன்று சாயங்காலம் எனக்குப் போனில் சொன்னார். ஆமாம், நான்தான் அடித்தேன், அதிசயமாக எடுத்தார்.

"சிப்ப உக்கார வெச்சுட்டேன் மேகலா. இன்னும் அளக்கல. கண்ணு எரியுது, காலைல அளந்துட்டுத்தான் ஆன் பண்ணுவேன். அந்தப் பொண்ணு அழுவுது, தப்பு நடந்துடக் கூடாது."

காலையில் அவர் இல்லை. மாரடைப்பு. அந்தப் போர்டில் ஒரு வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறதே, அதை இங்கே யாராவது படித்தீர்களா? "அளக்கல. தொடாதே." கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறார். அந்த டேப்பின் மேலேயே சந்தனத்தை இழுத்திருக்கிறீர்கள். சிப்பின் கால்களெல்லாம் சந்தனம். அந்த ஈரத்தோடு சார்ஜரைச் சொருகியிருந்தால், பத்தொன்பது வோல்ட்டும் நேராக மெமரியில் போய் உட்கார்ந்திருக்கும். நீங்கள் கை தட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண்ணின் பிழைப்பு புகையாகப் போயிருக்கும். புகையைப் பார்த்துத் தலைவர் என்ன சொல்லியிருப்பார்? உங்களுக்கே தெரியும், எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள்! "போர்டு போச்சு!"

தலைவரே, எழுந்திருக்க வேண்டாம். உங்களுக்கு நேரமாகிறது என்று தெரிகிறது. "சங்கத்து மானத்த வாங்காதம்மா" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்கிறீர்கள், மைக் அதையும் எடுத்துவிட்டது. இருந்தால்தானே ஐயா வாங்குவதற்கு? கலைச்செல்வனின் கருவிகளைச் சங்க அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஆண்டுதோறும் பூஜை செய்யப்போவதாகவும் அறிவித்திருக்கிறீர்கள். வேண்டாம். உங்கள் பூஜையைப் பார்த்தாயிற்று.

இரங்கல் கூட்டம் என்றால் முடிவில் உறுதிமொழி எடுப்பது வழக்கம். எடுப்போம். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லுங்கள். அளக்காமல் சூடு வைக்க மாட்டேன்! தொட்டுப் பார்க்காமல் போர்டு போச்சு என்று சொல்ல மாட்டேன்! அடுத்தவர் செய்த வேலைக்கு என் கடை ஸ்டிக்கரை ஒட்ட மாட்டேன்!

முதல் வரிக்கு நிறைய குரல் வந்தது. மூன்றாவது வரிக்கு வாடிக்கையாளர்கள் குரல் மட்டும்தான் வந்தது. பரவாயில்லை, பொய் சொல்லாமலாவது நின்றீர்கள். உட்காருங்கள்.

கலைச்செல்வன் அவர்களே! உங்களை நான் புகழவில்லை. உங்களைப் புகழ்ந்த வாய்களையெல்லாம் பார்த்த பிறகு எனக்கு அந்த ஆசை இல்லை. எனக்கு உங்கள்மேல் கோபம்தான். இன்னும் ஒரு காலைப்பொழுது இருந்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா? இவர்களோடு என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டீர்களே! இனி எனக்கு எட்டாத போர்டை நான் எந்தப் பஸ்ஸில் ஏற்றி யாருக்கு அனுப்புவேன்?

நீங்கள் விட்ட இடத்திலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். இதோ தட்டிலிருந்து போர்டை எடுத்துக்கொண்டேன். மல்டிமீட்டரையும் எடுத்துக்கொண்டேன். முதலில் கழுவ வேண்டும், பிறகு காயவைக்க வேண்டும், பிறகு ஒவ்வொரு வழியாக அளக்க வேண்டும். உயிர் வருமா என்று எனக்குத் தெரியாது. வேணியிடம் வரும் என்று பொய் சொல்ல மாட்டேன், போச்சு என்றும் சொல்ல மாட்டேன்.

மலர்கொடி அக்கா, கடைச் சாவி வேண்டும். ஏன் எழுந்து வருகிறீர்கள், அங்கிருந்தே கொடுத்தனுப்பலாமே... என்ன சொல்றீங்க அக்கா? மைக்கில் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

"சாவியோட இதையும் வெச்சுக்க மேகலா. நகப்பூச்சு பாட்டில். பாதிதான் தீந்துருக்கு."

அடுத்து ஒரு நிமிட மௌன அஞ்சலி. நீங்கள் நின்று செலுத்துங்கள். நாங்கள் அதற்கு இருக்கப்போவதில்லை. வேணி, அழாத, வாம்மா. சார்ஜர் என் கைல இருக்கு. போயி அளந்து பாப்போம்.