அதே பாட்டில், ஆறு சொட்டு

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்காமல் நான் பையில் போடுவதில்லை, ஐயா. கடைக்காரன் முறைப்பான். முற்றலை நம் தலையில் கட்டப் பார்க்கிறவன் முறைக்கத்தானே செய்வான்.

என் வேலையும் ஏறக்குறைய அதுதான். அனுமதி வாங்கி மருந்துக்குக் கஞ்சா வளர்க்கிற கண்ணாடிக் கொட்டகையில், எந்தச் செடியை என்றைக்கு வெட்டுவது என்று சொல்பவன் நான். பூவின் மேல் பொடிப்பொடியாகப் பிசின் துளிகள் இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தால் இளசு, வீரியம் கம்மி. பால்நிறம் வந்தால் முழு வீரியம். தேன்நிறம் ஏறிவிட்டால் ஆளை அசத்திப் போட்டுவிடும். செடி ஒன்றுதான், நாள்தான் வேறு. பதினாறு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் நாள் தவறியதில்லை.

தங்கச்சி வீட்டில்தான் இருந்தேன். அவளை வளர்த்தது நான். எனக்கென்று வேறு வீடு கிடையாது. மாப்பிள்ளைக்கு எங்கள் கொட்டகையிலேயே கூரைக் கண்ணாடி மாற்றுகிற வேலை. முட்டிவலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த எண்ணெயைக் காலையில் ஆறு சொட்டு நாக்கில் விட்டுக்கொள்வார். இளம்பூவில் எடுத்தது. ஏணி ஏறினாலும் ஒன்றும் செய்யாது.

இரண்டு மாதமாக, நான் உள்ளே நுழைந்தால் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். மாப்பிள்ளை போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். என்னை வெளியே அனுப்பப் போகிறார்கள் என்று புரிந்தது. அதிலிருந்து எதையும் முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பேன். ஒருநாள் சாப்பிடும்போது அதைக் கவனித்துவிட்டார்.

"மச்சான், உங்களுக்கு முத்திப்போச்சு."

"சும்மா இருங்க, அண்ணன் கோவிச்சுக்கப் போகுது" என்று தங்கச்சியும் சிரித்தாள்.

நானும் சிரித்துவைத்தேன். லென்ஸ் வைத்துப் பார்க்காமல் அந்த வார்த்தையை யாரும் யாரையும் பார்த்துச் சொல்லக் கூடாது.

நான் அவசரப்படவில்லை. மூலையில் ஒரு செடியை நாள் கடந்தும் வெட்டாமல் விட்டேன். தினமும் போய்ப் பார்த்தேன். பாலும் தேனும் கலந்த பதம் வந்ததும் வெட்டி, எண்ணெய் எடுத்து, அவருடைய பாட்டிலிலேயே ஊற்றிவைத்தேன்.

"என்ன மச்சான், இன்னிக்கு இப்படிக் கசக்குது?"

"புதுசு மாப்ளே."

ஆறு சொட்டுதான். அளவை நான் கூட்டவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மேலே போய் ஒரு மணி நேரத்தில் கண்ணாடியோடு கீழே வந்தார். ஏணியை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆட்டவில்லை. ஏதாவது தவறு நடந்துவிட்டதா என்று கேட்டீர்கள். பதம் பார்ப்பதில் எனக்குத் தவறு வராது, ஐயா.

அவர் சட்டைப்பையில் இருந்த சீட்டையும் காட்டினீர்கள். மனநல டாக்டர், வியாழக்கிழமை பத்து மணி, என் பெயர். பின்பக்கம் தங்கச்சி எழுதியிருக்கிறாள்: 'அண்ணனை எங்கேயும் அனுப்ப வேண்டாம். நம்மோடவே வச்சுப் பார்த்துக்கலாம்.' என்றைக்காவது என் கையில் கிடைக்கட்டும் என்றுதான் அப்படி எழுதிவைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாதா.

நேற்று என்னைப் பார்க்க வந்தாள். தண்ணீர் கொடுத்தாள், முகர்ந்துவிட்டுக் கீழே வைத்தேன். "ஏண்ணே இப்படிப் பண்ணினே?" என்று அழுதாள். பக்கத்தில் இழுத்து அவள் கண்ணை நன்றாகப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டுப் பார்க்க வேண்டும்.