அம்மா கேட்டதாகச் சொன்னேன்

இந்தக் காலத்தில் யாரும் பதில் தெரிந்துகொள்ளக் கேள்வி கேட்பதில்லை. "சாப்பிட்டியா?" என்பார்கள். வாயைத் திறப்பதற்குள் "தூங்குனியா?" என்பார்கள். அதற்கும் நிற்க மாட்டார்கள், "சரி, வச்சிடறேன்" என்று வைத்துவிடுவார்கள். ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தின் வாசலில் உட்கார்ந்து பதினெட்டு வருஷம் போன் எடுத்தவன் சொல்கிறேன். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு. காது நல்ல காது.

என்னைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நடந்தது இதுதான்.

அங்கே இரண்டு வகைப் பிள்ளைகள். டேஸ்காலர் பிள்ளைகள் காலையில் வந்து நாலு மணிக்கு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போய்விடும். ஹாஸ்டல் பிள்ளைகள் அதைக் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கும். கொஞ்ச நேரம் விட்டு நான் போய், "என்ன, படம் முடிஞ்சுது, கலைங்க கலைங்க" என்று விரட்டுவேன். சிரித்துக்கொண்டே போகும். சிலது சிரிக்காது.

ஹாஸ்டல் பிள்ளைகள் செல்போன் வைத்துக்கொள்ளக் கூடாது. வீட்டிலிருந்து பேச ஞாயிற்றுக்கிழமை மூன்றிலிருந்து ஐந்து, வாட்ச்மேன் ரூமில் இருக்கிற ஒரே போன். மணி அடித்தால் நான் எடுத்து, யார் என்று கேட்டு, மேட்டிலிருக்கிற ஹாஸ்டலுக்கு ஏறிப் பிள்ளையைக் கூட்டிவர வேண்டும். எழுபத்திரண்டு படி. என் முழங்காலைப் பற்றி யாரும் கேட்டதில்லை. வந்து சேர்வதற்குள் லைன் போயிருக்கும். பிள்ளை செத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு அழும். மூன்று நாளைக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரு நாள் ஏறவில்லை.

"பாப்பா சாப்பிட்டாளா?" என்று ஒரு அம்மா கேட்டாள். "சாப்பிட்டா" என்றேன். "படிக்கிறாளா?" "புத்தகமும் கையுமா இருக்கா." "சரிங்கய்யா, வச்சிடறேன்." தீர்ந்தது. சாயங்காலம் அந்தப் பிள்ளையிடம், "அம்மா போன் பண்ணாங்க, மழையில நனையாதேன்னு சொல்லச் சொன்னாங்க" என்றேன். அந்த அம்மா மழையைப் பற்றி மூச்சே விடவில்லை. ஆனால் எந்த அம்மா சொல்ல மாட்டாள்? பிள்ளை துள்ளிக்கொண்டு போயிற்று. நனையவும் இல்லை.

அப்புறம் கை தேறிவிட்டது. ஒரு அப்பாவிடம், உங்கள் பெண் ஓட்டப் பந்தயத்தில் சேர்ந்திருக்கிறாள் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். நடந்தாலே மூச்சு வாங்குகிற பிள்ளை அது. மனிதர் அடுத்த வாரமே ஓடுகிற ஷூ வாங்கிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். பிள்ளையிடம் "நீ ஓடணும்னு உங்கப்பாவுக்கு ரொம்ப ஆசை" என்றேன். ஓடியது. வருஷக் கடைசியில் மூன்றாவதாக வந்தது. ஓடியது நாலு பேர்தான், அது வேறு விஷயம். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லவேண்டும். பொருந்தவில்லையென்றால் பொருந்துகிற மாதிரி ஆளை மாற்றிவிட வேண்டும்.

லீவுக்குப் போகும்போது மாட்டியிருக்க மாட்டாயா என்று பின்னால் விசாரித்தபோது பெரிய மேடம், அதாவது தலைமையாசிரியை, கேட்டார். எந்த வீட்டில், போன மாதம் போனில் பேசியதை உட்கார்ந்து ஒத்துப் பார்க்கிறார்கள்?

மைக்கூடு மட்டும்தான் கொஞ்சம் கஷ்டம். பத்தாம் வகுப்பு. பத்து விரலும் மையாக இருக்கும், அதனால் நான் வைத்த பெயர். கணக்கில் புலி. அப்பா இல்லை, அம்மாவுக்குத் தையல் வேலை. அந்த அம்மா கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பாள். "யார்கூட உக்காந்து சாப்பிட்டா? பாதியில எந்திரிச்சாளா?" என்பாள். அவளுக்காகப் பல தடவை படி ஏறியிருக்கிறேன்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு புதன்கிழமை காலை மைக்கூட்டின் மாமா பேசினார். "அக்கா திடீர்னு போயிட்டாங்க. புள்ளய உடனே அனுப்பி வைங்க."

"சொல்றேன்" என்றேன்.

படி ஏறினேன். ஏறவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஹாஸ்டல் ஹாலில் மாதிரித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மைக்கூடு நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு எழுதியது. எனக்கு எட்டு வயதில் என் வகுப்பு ஜன்னலிலும் இப்படித்தான் ஒருத்தர் வந்து நின்றார். "உங்கப்பா போயிட்டாருடா, வா, ஒரு வாரம்தான்" என்றார். சிலேட்டைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போனேன். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

இறங்கி வந்துவிட்டேன்.

சாயங்காலம் மாமா மறுபடி கூப்பிட்டார். "கெளம்பிட்டாளா?"

"அழுதா. ஆனா பரீட்சை முடிச்சிட்டுத்தான் வருவேன்னு சொல்லிட்டா."

"அவளா சொன்னா?"

"அவளேதான். இங்க வந்து புள்ள மனசக் கலைக்காதீங்க."

"பெத்தவ முகத்தப் பாக்க வர மாட்டாளாமா. எங்கக்கா கல்லப் பெத்து வச்சிருக்கா" என்று வைத்துவிட்டார். கோபக்காரர். அப்புறம் கூப்பிடவே இல்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று.

அதற்குப் பிறகு மைக்கூட்டின் அம்மா நாலு ஞாயிற்றுக்கிழமை பேசினாள். பரீட்சைக்கு முன்னால் மூன்று, நடுவில் ஒன்று. உயிரோடு இருந்தபோதுகூட அவள் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. முதல் வாரம், எழுதி முடித்ததும் கணக்கை ஒருதரம் சரிபார்க்கச் சொன்னாள். இரண்டாம் வாரம், நீலத் துணி எடுத்திருப்பதாகவும் பரீட்சை முடிந்ததும் போட்டுக்கொள்ளச் சட்டை தைப்பதாகவும் சொன்னாள்.

மைக்கூடு விழுந்தடித்து ஓடிப் போய் நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்தது. "தாத்தா, நான் வளந்துட்டேன். அம்மாகிட்ட பழைய அளவுதான் இருக்கும். இத அடுத்த வாரம் சொல்லிடுங்க." தோள், கை, உயரம் எல்லாம் மைக் கறையோடு எழுதியிருந்தது.

மூன்றாம் வாரம் "சொல்லிட்டேன்" என்றேன்.

"ஏன் தாத்தா என்னக் கூப்பிடவே மாட்டேங்கறீங்க?"

"உங்கம்மாதான் வேணாம்னாங்க. படிக்கிற நேரம் போயிடுமாம்."

"அம்மாவா அப்படிச் சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் நின்றது. அம்மாவைப் போலவே பதிலுக்கு நிற்கிற பழக்கம். பிறகு படி ஏறிப் போயிற்று.

கடைசிப் பரீட்சை அன்று மாமா வந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைக்கூடு ஓடி வந்தது. அவர் பெட்டியை வாங்கவில்லை.

"இப்பவாவது நேரம் கெடச்சுதா?" என்றார்.

"அம்மா வரலையா மாமா? நீலச் சட்ட தச்சு முடிச்சிட்டாங்களா?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ரிஜிஸ்டரைத் திறந்து அவர் வந்த நேரத்தை எழுதினேன். அது என் வேலை.

ரிசல்ட் வந்து பள்ளிக்கூடம் மறுபடி திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பெரிய மேடம் மேலே ஹாஸ்டலுக்குக் கூப்பிட்டு விசாரித்தார். வார்டன் அம்மா பக்கத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றார். இதையெல்லாம் அப்படியே சொன்னேன். கணக்கில் எவ்வளவு என்று கேட்டேன். நூற்றுக்கு நூறு என்றார். பார்த்தீர்களா என்றேன்.

"என்னத்தப் பாக்கறது? அவ இனிமே எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போக மாட்டாளாம். அம்மா தச்ச அந்த மெஷின் முன்னாடியே உக்காந்திருக்காளாம்."

"ஒரு வாரம்தான் மேடம். வந்துடும்" என்றேன்.

அவர் சாவியைக் கேட்டார். படித்தவர்களுக்கு எதையும் சொல்லிப் புரியவைக்க முடியாது. அறுபது பிள்ளைகளுக்கு அம்மாவாகவும் அப்பாவாகவும் இருந்திருக்கிறேன். ஒவ்வொன்றின் மனசும் எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. சாவியை மேஜையில் வைத்துவிட்டு எழுபத்திரண்டு படியும் இறங்கினேன்.

குடையை எடுக்க ரூமுக்குள் போனபோது மணி மூன்று. புதிதாக வந்த ஆள் படி ஏறிப் போயிருந்தான். போன் அடித்தது. எடுத்தேன்.

"ஐயா, எம் பொண்ணு எப்படி இருக்கா?" என்றது ஒரு குரல்.

"அவளுக்கென்ன, நல்லா இருக்கா. உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா" என்றேன்.

அந்தக் குரலுக்கு அவ்வளவு சந்தோஷம். வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, வாசலைத் தாண்டி நடந்தேன். தெருமுனை வந்த பிறகுதான், எந்தப் பொண்ணு என்று நான் கேட்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கேட்டிருந்தாலும் அதே பதில்தானே.