அளவுக் கழி

மாலை ஆறரை மணி. ஏரியைச் சுற்றிப் போகிற சாலை. ஈ, காக்கை இல்லை...

என் நண்பனின் அக்கா வீட்டுக்காரர் அந்தச் சாலையில் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். நண்பன் அவரை அத்தான் என்பான். எனக்கும் அப்படியே பழகிவிட்டது. அந்த ஏரியில் ரோந்துப் படகு ஓட்டுகிறவர். ஒரு பக்கம் மரங்கள், இன்னொரு பக்கம் தண்ணீர். நடுவில் அவருடைய செருப்புச் சத்தம் மட்டும்.

அப்புறம் இன்னொரு சத்தம்.

கிறீச்... டக். கிறீச்... டக்.

மரத் துடுப்பு இரும்பு வளையத்தில் உரசினால் வருமே, அந்தச் சத்தம். கரையை ஒட்டி, அவர் நடைக்குச் சரியாகக் கூடவே வந்தது. அவர் நின்றார். அதுவும் நின்றது. நடந்தார்... கிறீச்... டக். தண்ணீரை எட்டிப் பார்த்தார். படகு இல்லை. ஒரு சின்ன அலைகூட இல்லை. ஆனால் ஒரு வாசனை வந்தது. வெயிலில் காய்ந்த சைக்கிள் ட்யூப் வாசனை.

அது யாருடைய வாசனை என்று அத்தானுக்குத் தெரியும். அந்த ஆள் செத்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

சிரிக்காதே மாப்பிள்ளை. மத்தியானம் நீ சிரித்தது போதும். வாடகைப் படகை எடுத்துக்கொண்டு சிவப்பு மிதவைகளுக்குள்ளே சீறிக்கொண்டு போனாயே, அந்தப் பெடல் படகில் இருந்த வயதான புருஷனும் பெண்டாட்டியும் பயத்தில் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்களே, அப்போது இவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்த இடத்தில் சண்டை எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது பேய்க் கதை சொல்லு, சொல்லு என்று நீங்களாகக் கேட்டீர்கள். சரி, கேளுங்கள். அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து கிட்டே உட்காருங்கள்.

அந்த ஏரியில் சட்டம் இரண்டே இரண்டு. படகு குறிப்பிட்ட நீளத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சிவப்பு மிதவைகளுக்கு உள்ளே நடக்கிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது. அங்கேதான் பிள்ளைகள் நீந்துவார்கள். பெரிய படகு வேகமாக வந்தால் மோதக்கூட வேண்டாம், அது கிளப்புகிற அலையே சின்னப் படகைக் கவிழ்த்துவிடும்.

இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டவரை மிதவை அண்ணன் என்று கூப்பிடுவார்கள். படகுத்துறையில் ஒரு நீளமான மூங்கில் கழி வைத்திருந்தார். இரண்டு முனையிலும் வெள்ளைப் பூச்சு. புதுப் படகு எது வந்தாலும் பக்கத்தில் கழியை வைப்பார். கழிக்குள் அடங்கினால் தண்ணீரில் இறங்கலாம். அடங்காவிட்டால் வந்த வண்டியிலேயே திரும்ப வேண்டியதுதான். மிதவைகளும் அவர் பொறுப்புதான். ஒவ்வொரு மிதவையும் ஏரியின் அடியில் கிடக்கிற காங்கிரீட் கட்டையோடு சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும். சங்கிலி தேயாமல் இருக்க, பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டி மேலே சுற்றுவார். இடக்கைக்காரர். அதனால் கடைசிச் சுற்றை இடப் பக்கமாகத்தான் மடித்துச் செருகுவார். வேறு யார் சுற்றினாலும் அப்படி வராது.

கரையில் பெரிய வீடு கட்டிக்கொண்டு ஒரு முதலாளி வந்து சேர்ந்தார். ஆள் நல்ல உயரம். முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் நெட்டை. வெள்ளை வெளேரென்று ஒரு படகு கொண்டுவந்தார். பின்னால் இரண்டு எஞ்சின். மிதவை அண்ணன் கழியை வைத்தார். ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"அடங்கலைங்க," என்றார்.

நெட்டை அவரைக் குனிந்து பார்த்தார். "படகை அளக்குறியே, என்னையும் அளந்து பாரேன். நானும் கொஞ்சம் நீளந்தான். கழிக்குள்ள அடங்குறேனா இல்லையான்னு சொல்லு."

கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிதவை அண்ணன் சிரிக்கவில்லை. "இது படகுக்கு மட்டுந்தாங்க," என்று சொல்லிவிட்டுக் கழியை எடுத்துச் சுவரில் சாய்த்தார்.

மறுநாளே ஏரி அலுவலக அதிகாரியிடமிருந்து அண்ணனுக்குப் போன் வந்தது. "ஒரு சாணுக்கெல்லாம் மல்லுக்கட்டிட்டு நிக்காதே. விட்டுடு."

விட்டார்கள். அந்தப் படகு ஏரியில் ஆடாத ஆட்டம் இல்லை. அத்தான் ரோந்துப் படகில் துரத்திப் போய் நிறுத்துவார். நெட்டை போனை எடுத்து அதிகாரியைக் கூப்பிட்டு அத்தான் கையிலேயே கொடுப்பார். அத்தான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்புவார்.

ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம். ஒரு மிதவையின் சங்கிலி தளர்ந்துவிட்டதென்று மிதவை அண்ணன் தன்னுடைய சின்னத் துடுப்புப் படகில் போனார். இழுத்துக் கட்டினார். ட்யூபைச் சுற்றி முடித்தார். வெள்ளைப் படகு வந்தது. வேகத்தைக் குறைக்கவே இல்லை.

அத்தான் போய்ச் சேர்ந்தபோது துடுப்புப் படகு இரண்டு துண்டு. அண்ணனைத் தண்ணீரிலிருந்து இழுத்தது அத்தான்தான். இழுக்கும்போது ஒரு பிடிமானத்துக்கு மிதவையைத்தான் பிடித்துக்கொண்டார். அது அதன் இடத்தில், புது ட்யூப் சுற்றோடு, அசையாமல் இருந்தது. இதை மறந்துவிடாதீர்கள். தொட்டுப் பார்த்தவர் அவர்.

விடிந்து பார்த்தால் மிதவை கரையோரக் கோரைப்புல்லில் கிடக்கிறது. நெட்டை தன் படகின் பின்னால் கயிறு கட்டி, கட்டையோடு சேர்த்து இழுத்துப் போட்டிருந்தார். சேற்றில் தடம் இருந்தது. எல்லோருக்கும் தெரியும். எவனும் வாயைத் திறக்கவில்லை. விசாரணையில் நெட்டை என்ன சொன்னார் தெரியுமா? "அங்க மிதவையே இல்லையே. அந்த ஆள் ஒழுங்கா கட்டாம விட்டதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

அதிகாரி அத்தானைக் கேட்டார். "நீ போனப்ப மிதவை எங்க இருந்துச்சு?"

"இருட்டிடுச்சு சார்... சரியாத் தெரியல."

தெரியலையாம்! சொல்லும்போதே எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. கையில் பிடித்த மனுஷன்! குடியிருப்பது வேலை தந்த வீடு, பிள்ளைகள் படிக்கிறார்கள், எல்லாம் சரி. அதற்காக? ஆயுசு முழுக்க ஒழுங்காக முடிச்சுப் போட்ட ஒருத்தனை, முடிச்சுப் போடத் தெரியாமல் செத்தான் என்று சொல்லிக் கணக்கை முடித்துவிட்டார்கள். வாசலில் நின்ற மிதவை அண்ணன் மனைவி அத்தானிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவர் கட்டினது அவுந்து என்னைக்காவது பாத்திருக்கீங்களா?"

அத்தான் வீட்டுக்கு நடக்கத் தொடங்கினார். அன்று மாலைதான் அந்தச் சாலை... அந்தத் துடுப்புச் சத்தம்.

மறுநாள் காலையில் ஏரியில் இருந்த சிவப்பு மிதவை ஒன்றுகூட அதனதன் இடத்தில் இல்லை. எல்லாம் ரோந்துப் படகுத்துறையைச் சுற்றி, நெருக்கமாக, வேலி போட்டது போல் நின்றன. ஒரு கட்டையைத் தூக்கவே நாலு ஆளும் கப்பியும் வேண்டும். ஒவ்வொரு சங்கிலியிலும் புது ட்யூப். கடைசிச் சுற்று இடப் பக்கமாகச் செருகியிருந்தது.

திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டார்கள். அடுத்த நாள் இன்னும் நெருக்கமாக வந்து நின்றன. அத்தான் ரோந்துப் படகைக் கிளப்பினார். எஞ்சின் பிடியை முழுக்கத் தள்ளினார். எஞ்சின் அலறியது... படகு நடக்கிற வேகத்துக்கு மேல் போகவில்லை. மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, எஞ்சினில் ஒரு குறையும் இல்லை என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் வாசனை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. தலையணையில், துவைத்த துணியில், குடிக்கிற தண்ணீரில். அக்கா எத்தனை நாள் பொறுப்பாள்?

"நீங்க பாத்ததைச் சொல்லிட்டு வாங்க," என்றாள். "வீடு போனாப் போகுது. இந்த நாத்தத்துல பிள்ளைங்களை வளக்க என்னால முடியாது."

அத்தான் முதலில் மிதவை அண்ணன் வீட்டுக்குப் போனார். அந்த அம்மா கதவைத் திறந்தார், உள்ளே கூப்பிடவில்லை. அத்தான் வாசலில் நின்றே நடந்ததைச் சொன்னார். அங்கிருந்து நேராக அலுவலகம். எல்லோரும் இருக்கும்போதே அதிகாரி மேஜைக்கு முன்னால் போய் நின்றார். "மிதவை அதோட இடத்துலதான் சார் இருந்துச்சு. என் கையால பிடிச்சேன். அன்னைக்கு நான் சொன்னது பொய்."

அதிகாரி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "முடிஞ்சு போனதைக் கிளறாதே. போய் வேலையைப் பாரு."

ஆனால் சொல்லியாகிவிட்டது. மறுநாள் காலை ரோந்துப் படகுத்துறையில் ஒரு மிதவையும் இல்லை. அத்தனையும் நெட்டை வீட்டுத் துறையைச் சுற்றி நின்றன.

இருட்டு, மழை, இடி என்று எதிர்பார்க்காதீர்கள். பட்டப்பகல். நல்ல வெயில். நெட்டை கத்திய கத்தலில் அதிகாரியே பதறிக்கொண்டு ஓடி வந்தார். அத்தானையும் ரோந்துப் படகோடு வரச் சொல்லியிருந்தார்கள். தோட்டக்காரர், காவலாளி, நெட்டையின் மனைவி, எல்லோரும் கரையில் நிற்கிறார்கள். நெட்டை ஒரு கயிற்றை எடுத்துப் படகின் பின்பக்க வளையத்தில் கட்டினார். மறுமுனையை முன்னால் நின்ற மிதவையில் கட்டினார்.

அத்தான் குறுக்கே ஓடினார். "வேணாம் சார். அதை இழுக்காதீங்க."

"ஏன்டா? போன தடவ நான் இழுத்தப்ப சும்மா வந்துச்சு. இப்ப மட்டும் வராதா?"

சொல்லிவிட்டார்! அவர் வாயாலேயே, அத்தனை பேர் முன்னால். அதிகாரி முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். நெட்டைக்கு என்ன சொன்னோம் என்றே உறைக்கவில்லை. ஏறி, இரண்டு எஞ்சினையும் முறுக்கினார்.

கயிறு விறைத்தது. தண்ணீர் சொட்டியது. எஞ்சின்கள் காது கிழிகிற மாதிரி அலறின. படகு ஒரு நொடி அப்படியே நின்றது...

பிறகு பின்னால் போகத் தொடங்கியது.

முன்னால் போக முறுக்கிய படகு. பின்பக்கமாக... மெதுவாக... நடக்கிற வேகத்தில். அதற்கு மேல் ஒரு துளி வேகம் இல்லை. மிதவை முன்னே போக, படகு அதன் பின்னே ஏரியின் நடுவை நோக்கிப் போனது. எஞ்சின் சத்தத்துக்கு அடியில் அத்தானுக்கு அது கேட்டது. கிறீச்... டக். கிறீச்... டக்.

அத்தான் ரோந்துப் படகில் குதித்துப் பின்தொடர்ந்தார். அவர் படகும் நடக்கிற வேகத்தில்தான் போனது. இடைவெளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "குதிங்க சார்! குதிங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். நெட்டை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நின்றார். முதலில் கண்ணாடிக்கு மேலே அவர் மார்பு தெரிந்தது. கொஞ்ச தூரம் போனதும் தோள். இன்னும் கொஞ்சம் போனதும் தலை மட்டும். படகு முழுகுகிறது என்று அத்தான் நினைத்தார். ஆனால் படகின் விளிம்பு தண்ணீருக்கு மேலே அதே உயரத்தில்தான் இருந்தது.

துடுப்புப் படகு உடைந்த இடம் வந்தது. அங்கே வந்ததும் வெள்ளைப் படகின் பின்பக்கம் அமுங்கியது. அவ்வளவுதான். குமிழி வந்தது... அதுவும் நின்றது. மிதவை மட்டும் அதன் பழைய இடத்தில், அசையாமல்.

பேசாதே, மாப்பிள்ளை. இன்னும் முடியவில்லை.

படகை மேலே தூக்கித் துறையில் கிடத்தினார்கள். எங்கும் உடையவில்லை, நசுங்கவில்லை, பக்கத்தில் எழுதியிருந்த பெயரில் ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. அத்தானுக்கு என்ன தோன்றியதோ, சுவரில் சாய்ந்திருந்த கழியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். முனைக்கு முனை. அடங்கியது.

அதிகாரி கழியை வாங்கித் தானும் ஒருமுறை வைத்துப் பார்த்தார். அதற்கப்புறம்தான் விசாரணையைத் திருத்தினார்கள். மிதவை ஒழுங்காகத்தான் கட்டியிருந்தது என்று அவரே அந்த அம்மா வீட்டுக்குப் போய்ச் சொன்னார். ஒருத்தன் தன் வேலையை ஒழுங்காகச் செய்தான் என்று ஒத்துக்கொள்ள இவர்களுக்கு இவ்வளவு தேவைப்பட்டது. தூ! அந்த அம்மா, "எனக்குத் தெரியும்," என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

நாளைக்குக் காலையில் நீ போய் அந்த வயதானவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறாய். கேட்காவிட்டால் திரும்பிப் போகும்போது என் வண்டியில் உனக்கு இடம் இல்லை. சரி, போய்ப் படுங்கள்.

என்ன? நெட்டையா? ஆமாம், அவர் பிணமும் கிடைத்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆஸ்பத்திரியில் அவருக்கு உடை மாற்றிவிட்ட ஆளிடம் அத்தானே பேசினார். நெட்டையின் மனைவி வீட்டிலிருந்து அவருடைய பேன்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தாராம். அவர் அளவுக்குத் தைத்தது, போன வாரம்கூடப் போட்டது. மாட்டிவிட்டால் கால் தெரியவில்லையாம்... இரண்டு பக்கமும் மடித்துவிட வேண்டியிருந்ததாம்.

ஒரு சாண்.