சூடானால் கிளம்பாது

குழாயில் கிளிப்பை இறுக்க மறந்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், செயலாளர் தம்பி. இந்த விவகாரம் முழுவதிலும் நான் தெரியாமல் செய்த தப்பு அது ஒன்றுதான்.

மாப்பிள்ளையின் காருக்கு ரேடியேட்டர் குழாய் மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் நின்றார். மாமனார் என்றால் கொஞ்சம் கலகலப்பு வேண்டாமா, ஒரு ஜோக் சொன்னேன். சிரிக்கவில்லை. இன்னொன்று சொன்னேன். மூன்றாவதற்குச் சிரித்தார். அந்தச் சந்தோஷத்தில் ஸ்குரூ டிரைவரைப் பாக்கெட்டில் சொருகிக்கொண்டு பானெட்டை மூடிவிட்டேன். அவர் ஓட்டிக்கொண்டு போய் அரை மணி நேரத்தில் தண்ணீர் முழுவதும் ரோட்டில். எஞ்சின் வெந்துபோயிற்று.

அது ரோட்டரி எஞ்சின். மெக்கானிக் சங்கம் என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர, நம்மில் பாதிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. ஆகவே விளக்கிவிடுகிறேன். மேலும் கீழும் குதிக்கும் பிஸ்டன் அதில் கிடையாது. வயிறு உப்பிய முக்கோணம் மாதிரி இரண்டு ரோட்டர்கள் உள்ளே சுற்றும். ஒவ்வொன்றுக்கும் மூன்று முனை. முனைக்கு ஒரு சீல், விரல் நீளத் தகடு. மொத்தம் ஆறு. அவை தேய்ந்தால் எஞ்சினுக்கு மூச்சு பிடிக்காது. அப்படித் தேய்ந்தாலும் மற்றபடி நல்ல பிள்ளை. காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பும், கடைத்தெருவுக்குப் போகும், வரும். நெடுந்தூரம் ஓடி, நன்றாகச் சூடானபின் நிறுத்தினால் மட்டும் மறுபடி கிளம்பாது. ஊருக்குள் ஓடும், ஊரைத் தாண்டாது.

மாப்பிள்ளையின் அப்பா விட்டுப்போன கார் அது. அபூர்வமானது என்பதால் வெளியூரிலிருந்து ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டிருந்தார். அந்தப் பணம் என் மகளின் படிப்புக்கு. செயற்கைக் கால் செய்யும் படிப்பு. எதையும் கழற்றி மாட்டுகிற கை வாகு அவளுக்கு என்னிடமிருந்து வந்தது, அதில் எனக்குக் கர்வம் உண்டு. தூரத்து நகரத்தில் சீட் கிடைத்து, வாடகை வீட்டையும் காலி செய்திருந்தார்கள். அப்போதுதான் என் கிளிப் வேலையைக் காட்டியது. எஞ்சின் சரியாகும்வரை இருவரும் என் வீட்டு மாடிக்கு வந்தார்கள்.

பாகங்கள் கப்பலில் வர ஐந்து மாதம் ஆயிற்று. அவள் அம்மா போனபின் என் வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். இப்போது வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு. மகள் என் மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைத்தாள். கிரீஸ் கையோடு கதவைத் தொட்டால் திட்டினாள். திட்டுவதற்கு ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய சொகுசு என்பது குடும்பஸ்தரான உங்களுக்குத் தெரியாது, தம்பி.

பெட்டி வந்தது. எண்ணெய்த்தாளில் சுற்றிய ஆறு புதுச் சீல்கள். பழைய ஆறும் மேசைமேல் கிடந்தன. அவற்றை ஏற்கெனவே அளந்து, தேய்ந்துபோனவை என்று கழித்து, ஒவ்வொன்றின் மேலும் ஊசியால் குறுக்கே ஒரு கோடு கீறியிருந்தேன். வேண்டாத சாமானுக்கு நான் போடும் அடையாளம் அது. மாடியில் அவள் எதையோ முணுமுணுத்தபடி பெருக்கிக்கொண்டிருந்தாள். நான் பழைய ஆறையும் எடுத்து மாட்டினேன்.

மற்ற வேலையெல்லாம் சுத்தம். ஸ்பிரிங் புதிது, கேஸ்கெட் புதிது. கூலியாக ஒரு பைசா வாங்கவில்லை என்பதையும் சங்கம் குறித்துக்கொள்ள வேண்டும்.

வாங்குகிறவர் வந்தார், ஓட்டினார், உருகிப்போனார். திரும்பும் வழியில் டீ குடிக்க நிறுத்தினார். கார் கிளம்பவில்லை. நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை. வேண்டாம் என்று மட்டும் சொன்னார். பஸ் நிலையம்வரை நானே கொண்டுபோய் விட்டேன்.

இன்னொரு தடவை பிரித்தால் சரியாகுமா என்று மாப்பிள்ளை கேட்டார். ஆகும், ஆனால் செலவாகும் என்றேன். இரண்டும் உண்மை. முதல் தடவை அவர்கள் சேமிப்பு போயிருந்தது. இரண்டாம் தடவை மகளின் வளையல்கள் போயின. அவை கல்யாணத்துக்கு நான் போட்ட வளையல்கள், ஆகவே ஒரு கணக்கில் அது என் காசுதான்.

இரண்டாவது பெட்டியும் வந்தது. மறுபடி அதே பழைய ஆறு. இந்த முறை வேலை சீக்கிரம் முடிந்தது, கை பழகிவிட்டது. கார் பழையபடியே, சூடானால் கிளம்பவில்லை.

கல்லூரி ஒரு வருடம் பொறுத்தது. அதற்குப்பின் சீட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. கடிதம் வந்த அன்று அவள் குளியலறையில் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். தண்ணீர் வீணாகிறதே என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. பெண் மேல் அவ்வளவு பாசம்.

ரோட்டரியைத் தூக்கிவிட்டுச் சாதாரண எஞ்சினை வைக்கலாம் என்ற யோசனையும் என்னுடையதே. கேட்க எளிதாக இருக்கும். எஞ்சின் மலிவுதான். ஆனால் அது உட்காரும் இடம் சேராது, கியர்பாக்ஸ் சேராது, வயரிங் சேராது. ஒவ்வொன்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். எப்படியும் இரண்டு வருடம் இழுக்கும். அதற்காகத்தான் சொன்னேன். ரோட்டரி போனபின் அந்தக் காரை அபூர்வம் என்று எவரும் தேடி வரமாட்டார்கள் என்பதும் தெரியும். மாப்பிள்ளை கடன் வாங்கினார். அதற்குள் அவர் என் ஜோக்குகளுக்குச் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். தொழில் கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

கழற்றிய ரோட்டரியைக் கடைசியில் அவர் எதிர்க்கடைக்காரனிடம் விற்றதுதான் என் கெட்ட நேரம். எதையும் அளந்து பார்க்காமல் தொடமாட்டான் என்பதால் அவனுக்கு நாம் வைத்த பெயர் அளவுகோல். பிரித்திருக்கிறான். ஆறு சீல்களையும் ஒரு துணியில் முடிந்துகொண்டு வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தான். மகளும் மாப்பிள்ளையும் இருந்தார்கள்.

"அண்ணே, இது உங்க கீறல்தானே?"

ஆமாம் என்றேன். பொய் சொல்கிற பழக்கம் எனக்கில்லை.

"ஏதோ ஞாபகத்துல பழசை மாட்டிட்டீங்கபோல" என்றான். நல்லவன், நான் தப்பித்துக்கொள்ள வாசலைத் திறந்து வைத்தான்.

மாப்பிள்ளை என்னையே பார்த்தார். "ரெண்டு தடவையுமா மாமா?"

தெரிந்துதான் மாட்டினேன் என்று சொன்னேன். யாரும் எதையும் தூக்கி எறியவில்லை. மகள் மாடிக்குப் போய்த் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

பன்னிரண்டு புதுச் சீல்களும் என் அலமாரியில் எண்ணெய்த்தாள் பிரிக்காமல் இருக்கின்றன. நான் திருடன் இல்லை. சங்கம் வந்து எடுத்துக்கொள்ளலாம். கடைப் பலகையையும் கழற்றிக்கொள்ளுங்கள். ஏணி பின்பக்கம் இருக்கிறது, மூன்றாவது படி ஆடும், பார்த்து ஏறவும்.

ஆனால் ஏன் செய்தேன் என்று கேட்டீர்களே, அதற்குத்தான் இவ்வளவு எழுதினேன். அவள் என்னோடு இருக்க வேண்டும் என்று செய்தேன். இருந்தாள். மூன்று வருடத்துக்கும் மேல் என் வீட்டில் மூன்று தட்டு கழுவப்பட்டது. தகப்பன் ஒருவன் இதைவிடப் பெரிதாக என்ன கேட்டுவிடப்போகிறான்?

போன மாதம் முழுவதும் அவளிடம் பேசப் பார்த்தேன். எதைக் கேட்டாலும், அப்புறம் பேசலாம்ப்பா என்பதோடு நிறுத்திக்கொண்டாள். இதற்கிடையில் வேறொரு கல்லூரியில் சீட் வாங்கிவிட்டாள். காரை இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். நேற்றுக் காலை டாக்சி வந்து நின்றது. மாப்பிள்ளை என்னைப் பார்க்காமல் பெட்டிகளை ஏற்றினார். நான் வாசலில் அவளை வழிமறித்து, செய்தது தப்புதான் என்று ஒத்துக்கொண்டேன். "ஆனா நீ அப்பவே போயிருந்தா எனக்கு யாரும்மா இருந்தா?" என்று கேட்டேன்.

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். கோபம் இல்லை. சின்ன வயதில் வீட்டுப்பாடம் ஒப்பிப்பாளே, அந்தக் குரலில் சொன்னாள்:

"அது ரெண்டு வருஷப் படிப்புப்பா. எத்தனை வருஷம்னு நீங்க ஒரு தடவைகூடக் கேக்கல. முடிச்சதும் இங்கயே வந்து, உங்க கடைக்குப் பக்கத்துல கால் செய்யற பட்டறை போடலாம்னு நானும் அவரும் பேசி வச்சிருந்தோம். அப்பவே போயிருந்தா போன வருஷமே திரும்பி வந்திருப்பேன். இனிமே வரமாட்டேன்."