கிளிப் பாட்டும் படித்துறைப் பாட்டும்

— நக்கோ ஐவி, வேணாம். அந்தக் கிளிப் பாட்ட நான் எழுத மாட்டேன். ஊர்ல பாதிப் பேர் அதத்தான் எழுதியிருப்பாங்க.

— எழுதட்டுமே. கனகவல்லி இருபது வருஷம் கழிச்சு செகந்திராபாத்துக்குப் பாட வாரா. வீட்டுக்கு ஒரு பாட்டுதான் கேக்கலாம்னு தமிழ்ச் சங்கத்துல சீட்டு குடுத்திருக்காங்க. அதுல போயி கடைசி ஆல்பத்துப் படித்துறைப் பாட்டையா எழுதுவீங்க?

— கைக்கு? ஏன் எழுதக் கூடாது?

— கைக்கு, நக்கோன்னு உங்க ஐதராபாத் உருதுவ விடுங்க. அது பாட்டாங்க? எழுபது வயசுல குரல் கிணத்துக்குள்ள இறங்கிட்டு. பாடுதாளா, முனங்குதாளான்னே தெரியல. கிளிப் பாட்டுல சரணம் முடியும்போது மேல போவாளே, எனக்கு இன்னும் புல்லரிக்கும்.

— சின்ன வயசுல மேல போறது பெரிய விஷயமா? இப்ப கீழயே நின்னு நிதானமாப் பாடுறா பாரு, அதுக்கு வாழ்ந்து பாத்திருக்கணும்.

— ஆகா! கல்யாணமான புதுசுல, மௌலா அலி ஏரியா வாடகை வீட்டுல, கிளிப் பாட்ட மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டு கேசட் நாடாவ அறுத்தது யாரு?

— ஹவ், ஆமா, நான்தான். அதுக்கென்ன இப்ப?

— அந்த மனுஷன் எங்க போனாருன்னு கேக்கேன். இப்பல்லாம் அந்தப் பாட்டு வந்தா என் மூஞ்சியவே பாத்துட்டு இருக்கீங்க. பாட்டக் கேக்கவே மாட்டேங்கீங்க.

— நாப்பது வருஷமாப் பாக்குற மூஞ்சிதானே. பாத்தா தப்பா?

— பேச்ச மாத்தாதீங்க.

— சரி, உன்னையே எடுத்துக்க. நம்ம சர்ச் கொயர்ல முப்பது வருஷம் சோப்ரானோ, உச்சத்துல பாடின. போன ஈஸ்டர்லேர்ந்து ஆல்டோவுக்கு வந்து கீழ்க்குரல் பாடுற. யாராவது உன்ன வேணாம்னாங்களா? சச்சி, நெசமாச் சொல்றேன், இப்பதான் நீ நல்லாப் பாடுற.

— என் கதை வேற. எனக்குத் தொண்டை கெட்டுப் போச்சு. அது கிடக்கட்டும். காலைல குக்கர மூணு விசில்ல அணைக்கச் சொல்லிட்டுத்தான குளிக்கப் போனேன்?

— அது வந்து... ஏதோ யோசனைல இருந்துட்டேன்.

— ஆறு விசில். உள்ள இருந்து எண்ணுனேன். நீங்க அடுப்புக்கு நாலடி தள்ளி உக்காந்து பேப்பர் படிக்கீங்க. பருப்பு அடிபிடிச்சே போச்சு.

— பாட்டுக்கும் பருப்புக்கும் என்ன சம்பந்தம்?

— அத நீங்கதான் சொல்லணும். அஞ்சு மணிக்கு சங்கத்துப் பையன் வெஸ்லி சீட்ட வாங்க வந்திருவான். கிளிப் பாட்டுன்னு எழுதுங்க. இல்லாட்டி ஏன் வேண்டாம்னு ஒழுங்கா ஒரு காரணம் சொல்லுங்க.

— ஐவி...

— சொல்லுங்க.

— அந்தப் பாட்டு எனக்குக் கேக்கலடி. தபலா வருது. அவ மேல ஏறினதும் ஒண்ணுமே இல்ல. பாலாநகர் பட்டறைல முப்பத்திரண்டு வருஷம் ப்ரெஸ் மெஷின் பக்கத்துலயே நின்னேன்ல, உச்சத்துச் சத்தமெல்லாம் போயிடுச்சாம். விசில் போச்சு, குருவி போச்சு, கிளிப் பாட்டும் போச்சு. பாட்டு எங்க போயிட்டிருக்குன்னு உன் மூஞ்சியப் பாத்துத்தான் கண்டுபிடிக்கிறேன். படித்துறைப் பாட்டு ஒண்ணுதான் முழுசா வருது. அவ நேர்ல வந்து பாடும்போது, உன் பக்கத்துல உக்காந்து நானும் கேக்கணும்னு ஆசை. அவ்ளோதான்.

— டாக்டர எப்ப பாத்தீங்க?

— ரெண்டு வருஷமாச்சு. காதுக்கு மெஷின் வைக்கச் சொன்னாரு, நக்கோன்னுட்டேன். உங்கிட்ட சொன்னா அழுவியேன்னு சொல்லல.

— இப்ப யாரு அழுதா? கண்ணத் துடைங்க. பேனாவ இப்படித் தாங்க. படித்துறைப் பாட்டுன்னே எழுதுதேன். திங்கக்கிழமை அந்த டாக்டர்கிட்ட நானும் வாரேன்.

— உனக்குக் கிளிப் பாட்டு?

— அத நான் வீட்டுல கேட்டுக்கிடுவேன். நீங்களா வாயத் தொறந்து சொல்லணும்னுதான் இவ்வளவு நேரம் மல்லுக்கட்டுனேன்.

— அப்ப... உனக்கு முன்னாடியே தெரியுமா?

— போன வருஷம் சோப்ரானோ வரிசைல நின்னு பாடும்போது, மூணாவது பெஞ்சுல உக்காந்து என் குரலத் தேடித் தேடி முழிச்சீங்க. அதுக்கப்புறந்தான் ஆல்டோவுக்கு வந்தேன். எனக்குத் தொண்டைக்கு ஒண்ணுமில்லங்க.